கிலோமீட்டரைப் பார்த்துப் பூட்டானுக்குத் திட்டம் போடாதீர்கள்

அக்டோபர் 20, கோவை

பூட்டான் போகலாம் என்று விசாரிக்க ஆரம்பித்ததும் கைக்கு வந்த திட்டங்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. திம்பு, புனாகா, பொப்ஜிகா, பும்தாங், பாரோ, முடிந்தால் ஹா, எல்லாம் ஒரே வாரத்தில். நாடு என்னவோ சின்னதுதான். தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்குகூட வராத பரப்பு, எட்டு லட்சத்துக்கும் குறைவான மக்கள், அதாவது எங்கள் கோவை நகரத்தைவிடக் குறைவு. ஆனால் திம்புவிலிருந்து புனாகா 75 கிலோமீட்டர்தான், போக மூன்று மணி நேரம் ஆகும். பும்தாங்குக்கு முழுப் பகலும் வண்டியில். நடுவில் மூவாயிரம் மீட்டருக்கு மேல் ஏறி இறங்க வேண்டும். கூட வருவது 66 வயது அம்மா. அதனால் பும்தாங்கையும் ஹாவையும் அடித்துவிட்டு, மிச்ச ஊர்களில் கூடுதலாகத் தங்குவது என்று என் கணவரும் நானும் முடிவு செய்தோம். எல்லோரும் "அவ்வளவு தூரம் போய் அதைப் பார்க்காமல் வருவீங்களா" என்றார்கள். பார்க்காமல்தான் வந்தோம், அது நல்லதாகவே போயிற்று.

கிளம்புமுன் தெரிந்திருக்க வேண்டியது இரண்டு. இந்தியர்களுக்கு விசா கிடையாது, அனுமதிச் சீட்டு போதும், ஆனால் அதற்குப் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும். ஆதாரை ஏற்க மாட்டார்கள். அடுத்தது, 2022 செப்டம்பரிலிருந்து ஆளுக்கு ஓர் இரவுக்கு 1200 ரூபாய் வளர்ச்சிக் கட்டணம். மற்ற நாட்டவர் பெரும்பாலோருக்கு 2023-லிருந்து 100 டாலர். இந்த 1200 பற்றி நிறையப் பேர் கோபமாக எழுதுகிறார்கள். என் கருத்தைப் பின்னால் சொல்கிறேன்.

நவம்பர் 6, ஜெய்காவ்

பாக்டோக்ரா விமான நிலையத்தில் இறங்கி டுவார்ஸ் தேயிலைத் தோட்டங்கள் வழியாக நாலு மணி நேரம். சமதளத்தில் தேயிலையைப் பார்ப்பது வால்பாறை, ஊட்டி என்று பழகிய கண்ணுக்குப் புதிது. ஜெய்காவ் புழுதியும் ஹார்னும் நிறைந்த எல்லைச் சந்தை. இரவு அங்கேயே தங்கினோம், அறை 1400. ஜன்னலைத் திறந்தால் வேலிக்கு அந்தப் பக்கம் பூந்த்ஷோலிங். அந்தப் பக்கம் கடிகாரம் அரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது, சாலையில் சத்தமே இல்லை.

நவம்பர் 7, பூந்த்ஷோலிங் – திம்பு

காலையிலேயே சிக்கல். எங்களுக்கு அனுமதி விண்ணப்பித்துக் கொடுத்த ஏஜென்ட், அம்மாவுக்குப் பாஸ்போர்ட்டுக்குப் பதிலாக வாக்காளர் அட்டை எண்ணைப் போட்டிருந்தார். அம்மா கையில் இருந்ததோ பாஸ்போர்ட். இரண்டிலும் பெயரின் ஆங்கில எழுத்து வேறு வேறு, இனிஷியல் ஒன்றில் முன்னால், இன்னொன்றில் தாத்தா பெயராகப் பின்னால். நம் ஊர்ப் பெயர்களுக்கு எல்லா எல்லையிலும் நடப்பதுதான். ஏஜென்ட் போனை எடுக்கவில்லை.

கோ என்ற பூட்டான் தேசிய உடையில் இருந்த இளம் அதிகாரி மூன்று பேர் ஆவணங்களையும் வாங்கிப் பார்த்தார். குரல் உயரவில்லை, "போய் நாளைக்கு வாங்க" என்று சொல்லவில்லை. தாத்தா பெயர் எது, அம்மா பெயர் எது என்று என்னிடம் பொறுமையாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு, புதிதாகப் பதிவு செய்தார். இரண்டு மணி நேரம் ஆனது. அதற்குள் அம்மாவுக்கு ஒரு நாற்காலி வந்தது, பிளாஸ்கிலிருந்து வெந்நீர் வந்தது. வரிசையில் பின்னால் நின்றவர்களும் முனகவில்லை. என் பதற்றம் அங்கேதான் கொஞ்சம் இறங்கியது.

அப்புறம் ஏற்றம். பூந்த்ஷோலிங் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர்கூட இல்லை, திம்பு 2300-க்கும் மேல். 150 கிலோமீட்டருக்குள் இவ்வளவு உயரம் என்றால் வளைவுகளை யோசித்துக்கொள்ளுங்கள். ரிஞ்செண்டிங் சோதனைச் சாவடி தாண்டியதுமே அம்மாவுக்குக் காது அடைத்தது. கெடு பக்கம் பனிமூட்டம் இறங்கி, முன்னால் போகிற லாரியின் பின்விளக்கு மட்டும்தான் தெரிந்தது. இந்தச் சாலையை இந்திய எல்லைச் சாலை அமைப்பின் தந்தக் பிரிவு 1960-களில் போட்டது. அதற்கு முன் இந்தியாவிலிருந்து திம்பு போக நடையும் கோவேறு கழுதையும்தான். தந்தக் கேண்டீன்கள் இன்றும் வழியில் இருக்கின்றன. பனிமூட்டத்துக்கு நடுவே ஒரு கேண்டீனில் மசால் தோசை கிடைத்தது, 90 ரூபாய். சட்னி தண்ணீராக இருந்தாலும் சாம்பார் சூடாக இருந்தது, அந்தக் குளிருக்கு அதுவே போதும்.

சுகா மின்நிலையத்தைத் தாண்டும்போது டிரைவர் கையைக் காட்டினார். 336 மெகாவாட், அதன் மின்சாரத்தை இந்தியாவும் வாங்குகிறது. சுசோமில் பாரோ ஆறும் திம்பு ஆறும் சேருகிற முனையில் மூன்று ஸ்தூபிகள், பூட்டான், திபெத், நேபாளப் பாணிகளில் ஒவ்வொன்று. அங்கே ரோட்டோரத்தில் ஆரஞ்சும், நூலில் கோத்த கல் போன்ற காய்ந்த யாக் பாலாடைக் கட்டியும் விற்கிறார்கள். டஜன் ஆரஞ்சு 100 ரூபாய். பேரம் பேசிப் பார்த்தார் இவர். அந்தப் பெண் விலையைக் குறைக்கவில்லை, சிரித்துக்கொண்டே கூட இரண்டு பழம் போட்டார். பூட்டானின் நூல்ட்ரமும் நம் ரூபாயும் ஒரே மதிப்பு, நூறு ரூபாய் நோட்டை யாரும் மறுக்கவில்லை.

நவம்பர் 8, திம்பு

திம்புவில் போக்குவரத்து சிக்னல் கிடையாது. ஒரு தடவை வைத்துப் பார்த்தார்களாம், மக்களுக்குப் பிடிக்காமல் எடுத்துவிட்டார்கள். நோர்சின் லாம் சந்திப்பில் வேலைப்பாடு செய்த ஒரு கூண்டுக்குள் நின்று போலீஸ்காரர் கையசைக்கிறார். வரிக்கோட்டில் கால் வைத்தால் வண்டிகள் நின்றுவிடுகின்றன. அம்மா முதலில் நம்பவில்லை, நின்ற காரைப் பார்த்து "நீ போப்பா" என்று கையைக் காட்டினார். கார் போகவில்லை.

காலையில் தேசிய நினைவு ஸ்தூபி. மூன்றாவது மன்னர் ஜிக்மே தோர்ஜி வாங்சுக் நினைவாக 1974-ல் கட்டியது. உள்ளூர்ப் பெரியவர்கள் காலையிலேயே வந்து, ஜபமாலையை உருட்டிக்கொண்டு வலம் வருகிறார்கள், களைத்தால் பெரிய பிரார்த்தனை உருளைகளின் பக்கத்தில் உட்கார்ந்து கதை பேசுகிறார்கள். அம்மாவுக்குச் சொல்லித் தரவே வேண்டியிருக்கவில்லை, செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு அவர்களோடு சுற்ற ஆரம்பித்துவிட்டார். குளிருது, செருப்பைப் போட்டுக்கோங்க என்றதற்குக் "கோயில்ல என்னடி செருப்பு" என்றார்.

சுற்றி முடித்து உட்கார்ந்தபோது பக்கத்தில் ஒரு பாட்டி, வாய் முழுக்கச் சிவப்பு. மடியிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்தார். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு. அங்கே தோமா என்கிறார்கள், விருந்தினருக்கு முதலில் நீட்டுவது அதுதான். அம்மா கும்பகோணத்துக்காரர், வெற்றிலைப் பெட்டி இல்லாமல் வீட்டு வாசலைத் தாண்டமாட்டார். அம்மா பெட்டியைத் திறந்து சீவலை எடுத்து நீட்ட, பாட்டி பொட்டலத்தை நீட்ட, ஒரு வார்த்தைகூடப் பொதுவாக இல்லாமல் இரண்டு பேரும் அரை மணி நேரம் பேசினார்கள். அம்மாவுக்குச் சுண்ணாம்பு தடவுகிற விரலைப் பார்த்தே அந்தப் பாட்டி தலையை ஆட்டிப் பாராட்டினார். அவர்கள் பாக்கு நம்முடையது மாதிரி காய்ந்தது இல்லை, ஈரமாகப் புளிக்கவைத்தது, வாடை தூக்கலாக இருக்கும், மென்ற கொஞ்ச நேரத்தில் உடம்பு சூடேறும். பத்து டிகிரிக் குளிரில் அம்மாவுக்கு நெற்றி வியர்த்தது. பாட்டி தன் துண்டால் துடைத்துவிட்டார்.

மதியம் எம தட்சி. பச்சை மிளகாயைக் காய்கறியாகவே போட்டுப் பாலாடைக் கட்டியில் வேகவைப்பது. கூடச் சிவப்பரிசிச் சோறு. தட்டு 180. காரம் நாக்கின் நுனியில் நிற்காமல் காதுவரை போகிறது, ஆனால் கை நிற்காது. அம்மாவுக்கு உருளைக்கிழங்கில் செய்த கேவா தட்சி, அதுதான் அவருக்குப் பயணம் முழுக்கக் கைகொடுத்தது. சைவம் சாப்பிடுகிறவர்கள் பயப்பட வேண்டாம்.

மாலையில் புத்த தோர்தென்மா. 51 மீட்டருக்கு மேல் உயரமான சிலை, உள்ளே 1,25,000 சின்ன புத்தர்கள். காற்று வெட்டியது, சீக்கிரம் இறங்கிவிட்டோம். கீழே ஒரு கடையில் ஸ்வெட்டர் பார்த்துக்கொண்டிருந்தபோது கல்லாவில் இருந்த பெண் "அக்கா, தமிழா? நான் கோயம்புத்தூர்ல படிச்சேன்" என்றார். மூன்று வருஷம் இருந்தாராம், பரோட்டா சால்னாவுக்கு ஏங்குகிறாராம். நம் ஊர்க் கல்லூரிகளில் இத்தனை பூட்டான் பிள்ளைகள் படிக்கிறார்கள், நாம் அவர்களை எப்படி நடத்தினோம் என்று மனசுக்குள் ஓடியது. அவர் சொன்னது நல்லதாகவே இருந்தது. ஹாஸ்டல் பக்கத்து இட்லிக் கடை அம்மாவைப் பற்றிக் கண் கலங்கப் பேசினார்.

நவம்பர் 9, தோசுலா வழியாகப் புனாகா

திம்பு, பாரோ தாண்டிப் போனால் வழிகாட்டி கட்டாயம். நாளுக்கு 2000 ரூபாய். எங்களுக்கு வந்தவர் 27 வயதுத் தம்பி, முதல் நாளிலேயே எங்களைக் கேட்டுக் கேட்டு அம்மாவை "அம்மா" என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

தோசுலா கணவாய் 3100 மீட்டர். அங்கே நிற்கிற 108 ஸ்தூபிகள், 2003 டிசம்பரில் நடந்த ராணுவ நடவடிக்கையில் இறந்த வீரர்களுக்காக அரசியார் ஆஷி தோர்ஜி வாங்மோ கட்டியவை. வானம் துடைத்த மாதிரி இருந்ததால் வடக்கே பனிமலைகள் வரிசையாகத் தெரிந்தன. கங்கர் புவென்சும் எது என்று தம்பி காட்டினார். 7570 மீட்டர், இதுவரை மனிதக் கால் படாத சிகரம். 1994-ல் ஆறாயிரம் மீட்டருக்கு மேல் ஏறத் தடை, 2003-ல் மலையேற்றத்துக்கே முழுத் தடை. மலை மேல் தெய்வங்கள் இருக்கின்றன, மிதிக்கக் கூடாது என்பது ஊர் மக்களின் நம்பிக்கை, அரசு அதற்கு மதிப்புக் கொடுத்திருக்கிறது. பணம் வருகிற ஒரு வழியை அப்படியே விட்டுவிட ஒரு ஏழை நாட்டுக்கு எவ்வளவு உறுதி வேண்டும்!

அங்கிருந்து இறங்க இறங்க ஸ்வெட்டரைக் கழற்ற வேண்டியதாயிற்று. புனாகா 1200 மீட்டர்தான். வாழை, ஆரஞ்சு, அறுவடை முடிந்த வயலில் அடுக்கிவைத்த நெற்கட்டுகள். வண்டியை நிறுத்தச் சொல்லி அம்மா வரப்பில் இறங்கி நின்றார், தஞ்சாவூர்ப் பக்கத்து ஊர் ஒன்றை எடுத்து மலைகளுக்கு நடுவில் வைத்தது போல இருந்தது.

புனாகா கோட்டை, போ ஆறும் மோ ஆறும் கூடுகிற இடத்தில். 1637-38-ல், பூட்டானை ஒரே நாடாக்கிய ஷப்துருங் நவாங் நம்கியால் கட்டியது. 1907-ல் முதல் மன்னர் முடிசூடியது இங்கேதான், 2011-ல் இப்போதைய மன்னர் திருமணமும் இங்கேதான். உள்ளூர்க்காரர்கள் நுழையும்போது தோளில் துண்டைச் சரியாக மடித்துப் போட்டுக்கொள்கிறார்கள், எங்கள் தம்பியும் ஒரு நிமிடம் ஒதுங்கி நின்று மடிப்பை நேராக்கிக்கொண்டுதான் படி ஏறினார். மரத்தில் இவ்வளவு நுணுக்கமாக வண்ணம் தீட்டிய சுவர்களை நான் பார்த்ததில்லை. 1994-ல் பனி ஏரி உடைந்து வந்த வெள்ளம் இந்தக் கோட்டையையும் தாக்கியது.

நவம்பர் 10, பொப்ஜிகா

வாங்தூ வழியாக மறுபடி ஏற்றம். 2012-ல் எரிந்துபோன வாங்தூ கோட்டையை மறுபடி அப்படியே கட்டி எழுப்பியிருக்கிறார்கள். பொப்ஜிகா கிட்டத்தட்ட 3000 மீட்டர் உயரத்தில் ஒரு பரந்த பள்ளத்தாக்கு. திபெத் பீடபூமியிலிருந்து கருங்கழுத்துக் கொக்குகள் குளிர்காலத்துக்கு இங்கே வருகின்றன. அவை மோதிக்கொள்ளக் கூடாது என்று மின்கம்பிகளை மண்ணுக்கடியில் பதித்திருக்கிறார்கள். பறவைக்காக ஒரு பள்ளத்தாக்கே கம்பமில்லாமல் இருக்கிறது.

விவசாயி வீட்டில் தங்கினோம், சாப்பாட்டோடு ஆளுக்கு 1500. நடுக்கூடத்தில் விறகடுப்பு, அதைச் சுற்றித்தான் வாழ்க்கை. வீட்டுக்காரருக்கு அறுபதுக்கு மேல் இருக்கும், நல்ல ஆங்கிலம் பேசினார். கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் கேரளத்திலிருந்து வந்த ஆசிரியராம். அடிப்பாராம், ஆனால் விடுமுறைக்கு ஊருக்குப் போகாமல் தங்கி இலவசமாகப் பாடம் நடத்துவாராம். "நீங்கள் அவர் பக்கத்து மாநிலம்" என்று சொல்லி இன்னொரு கிண்ணம் வெண்ணெய்த் தேநீர் ஊற்றினார். உப்பும் வெண்ணெயுமாக இருக்கிற அதை ரசம் என்று நினைத்துக் குடித்தால் இறங்கும்.

இரவு ஒன்பது மணிக்கு அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. உட்கார்ந்தால் பரவாயில்லை, படுத்தால் முடியவில்லை. வெளியே குளிர் பூஜ்யத்துக்குக் கீழே. தம்பி ஒரு போன் போட்டார், வீட்டுக்காரர் தன் கம்பளியை அம்மாவுக்குப் போர்த்தினார், பத்து நிமிடத்தில் சுகாதார நிலையத்தில் இருந்தோம். நர்ஸ் தூக்கத்திலிருந்து எழுந்து வந்திருந்தார். விரலில் கருவியை மாட்டிப் பார்த்து, கொஞ்ச நேரம் ஆக்சிஜன் வைத்தார், ரத்த அழுத்தம் பார்த்தார். இப்போது பயமில்லை, தலையை உயர்த்திப் படுங்கள், மறுபடி மோசமானால் காத்திருக்காமல் இரவோடு இரவாக வாங்தூவுக்கு இறக்கிவிடுங்கள் என்றார். எவ்வளவு என்று இவர் பர்ஸை எடுத்தார். வாங்கவில்லை.

அந்த நாட்டில் அடிப்படை மருத்துவம் மக்களுக்கு இலவசம், பள்ளிப் படிப்பும் அப்படித்தான். எங்களிடம் வாங்கும் 1200 அந்தக் கணக்கில் சேரும் பணம். மூவாயிரம் மீட்டர் உயரத்தில், ஞாயிற்றுக்கிழமை இரவில், கதவைத் தட்டினால் திறக்கிற ஒரு சுகாதார நிலையம் இருக்க வேண்டுமென்றால் அதற்கு யாரோ பணம் தர வேண்டும். நான் இன்னொரு முறையும் சந்தோஷமாகத் தருவேன்.

நவம்பர் 11, கொக்குத் திருவிழா

அம்மா காலையில் தெளிவாக எழுந்து கஞ்சி கேட்டார். பூண்டு போட்டுக் கஞ்சி வந்தது.

நான்காவது மன்னரின் பிறந்தநாள், நாடு முழுக்க விடுமுறை. கங்தே மடாலய முற்றத்தில் வருடந்தோறும் இந்த நாளில் கொக்குத் திருவிழா. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வெள்ளையும் கறுப்புமாக இறக்கை கட்டிக்கொண்டு கொக்காக ஆடினார்கள். கடைசி வரிசையில் ஒரு சின்னவனுக்கு அலகு கழன்று விழுந்துவிட்டது. பக்கத்துப் பையன் ஆட்டத்தை நிறுத்தாமலே குனிந்து எடுத்துக் கொடுத்தான். தரையில் உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்து யாரோ ஒரு பெண் தன் மெத்தையை இழுத்து அடியில் போட்டார். உச்சி வெயிலில் மேலே நிஜக் கொக்குகள் கத்திக்கொண்டு போனபோது கூட்டமே தலையைத் தூக்கிப் பார்த்தது. கொக்குகள் வரும்போதும் போகும்போதும் மடாலயத்தை மூன்று முறை சுற்றும் என்கிறார்கள்.

நவம்பர் 12, பாரோவுக்கு

நாள் முழுக்க வண்டி. டயர் பஞ்சர், மாற்றும்போது எதிரே வந்த இரண்டு வண்டிகள் நின்று உதவின. வழியில் தம்பி தன் கதை சொன்னார். அக்காவும் மச்சானும் பெர்த்தில் இருக்கிறார்கள், தம்பியும் அங்கே போக ஆங்கிலத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறார். கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் ஆஸ்திரேலியாவில். போகாதே என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? ஆனால் அந்த இரவில் எனக்காக ஓடிய பிள்ளை அந்த நாட்டிலேயே நன்றாக வாழ முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

நவம்பர் 13, தக்த்சாங்

அம்மாவைக் கூட்டிப்போகவில்லை. டிரைவர் அண்ணன் அவரை ஏழாம் நூற்றாண்டுக் கிச்சு கோயிலுக்கு அழைத்துப் போனார்.

புலிக்கூடு என்னும் தக்த்சாங், பள்ளத்தாக்கிலிருந்து 900 மீட்டர் உயரத்தில் பாறையில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. பௌத்த குரு பத்மசம்பவர் தவம் செய்த குகை, 1692-ல் கோயிலாயிற்று. 1998-ல் தீயில் போனதை 2005-க்குள் மீண்டும் கட்டினார்கள், சாமான்களை எப்படித்தான் மேலே கொண்டுபோனார்களோ என்று ஏறும்போது திரும்பத் திரும்பத் தோன்றியது. பாதி வழியில் ஒரு சிற்றுண்டிச் சாலை, அங்கே தேநீர் குடித்துவிட்டுக் கட்டாயம் உட்காருங்கள். அதற்கப்புறம் எழுநூறு படிகள் வரை, முதலில் இறக்கம், அருவியைத் தாண்டி ஏற்றம். முதுகில் குழந்தையைக் கட்டிய ஒரு அம்மா எங்களைத் தாண்டிப் போனார், மூச்சுக்கூட வாங்கவில்லை. போனையும் பையையும் வாசலில் வாங்கி வைத்துவிடுகிறார்கள். நல்ல ஏற்பாடு. உள்ளே வெண்ணெய் விளக்கின் முன்னால் எல்லோரும் சும்மா உட்கார்ந்திருந்தோம்.

மாலையில் சூட்டுக்கல் குளியல், தொட்டிக்கு 1500. நெருப்பில் பழுக்கவைத்த ஆற்றுக்கற்களை மூலிகை போட்ட தண்ணீருக்குள் இறக்குவார்கள். முழங்கால் வலி அங்கேயே போயிற்று.

நவம்பர் 14, பாரோ

எந்த ஊரும் வைத்துக்கொள்ளாத நாள். நடக்கப் போனால் வில்வித்தைப் போட்டி. இலக்கு 145 மீட்டர் தள்ளி, அம்பு போவது கண்ணுக்கே தெரியாது. இலக்குக்குப் பக்கத்திலேயே எதிர் அணிக்காரர்கள் நின்று கிண்டல் பாட்டுப் பாடுகிறார்கள். பட்டால் சொந்த அணி வரிசையாக நின்று ஆடுகிறது, எய்தவர் இடுப்பில் வண்ணத் துணி ஏறுகிறது. எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துத் தேநீர், பொரி கொடுத்தார்கள். அம்மாவுக்கு ஆட்ட விதி கொஞ்ச நேரத்தில் பிடிபட்டு, யாருக்கு எத்தனை என்று எண்ணிக்கொண்டிருந்தார்.

நவம்பர் 15, இறக்கம்

வழியில் பாறை சரிந்து ஒரு மணி நேரம் நின்றோம். அவ்வளவு பெரிய வரிசையில் ஒரு ஹார்ன் இல்லை.

செலவு கேட்பவர்களுக்கு: வளர்ச்சிக் கட்டணம் மட்டும் ஆளுக்கு 9600 வந்தது. ஆறு வயதுக்குக் கீழ் குழந்தைகளுக்குக் கிடையாது, பன்னிரண்டு வரை பாதி. எல்லை ஊரில் மட்டும் சுற்றிவிட்டு 24 மணி நேரத்துக்குள் திரும்பினால் அதுவும் இல்லை. பெரியவர்களோடு போகிறவர்கள் திம்புவில் இரண்டு இரவு இருந்துவிட்டு மேலே ஏறுங்கள், பொப்ஜிகாவுக்கு முன்னால் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், அனுமதிச் சீட்டில் இருக்கும் ஆவண எண்ணை வீட்டிலேயே எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். பும்தாங்குக்கு அடுத்த வசந்தத்தில் தனியாகப் போகலாம் என்று இவர் சொல்லியிருக்கிறார், உரா பள்ளத்தாக்கில் தங்க இடம் பார்த்துத் தருவதாகத் தம்பியும் சொல்லியிருக்கிறார்.